ஹெபடைட்டிஸ் பி மருந்து ஆரம்பிச்சா பையன் உயரமா வளர மாட்டானா?

நாமக்கல்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போயிடும் பொறுத்துக்குங்க. என் பையனுக்கு ஏழரை வயசு, ரெண்டாங்கிளாஸ். போன வருஷம் குடலிறக்கம் ஆபரேஷனுக்கு முன்னாடி வழக்கமா எடுக்கற ரத்த டெஸ்ட்ல ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னு வந்துச்சு. அப்புறம் வீட்ல எல்லாருக்கும் எடுத்தோம், எனக்கு இருக்கு, அவங்க அப்பாவுக்கு இல்ல. பிரசவத்தப்பவே வந்திருக்கும்னு சொல்றாங்க. பையனுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, மஞ்சக்காமாலை வந்ததில்ல, நல்லா ஓடி ஆடறான், சாப்பாடு மட்டும் கொஞ்சம் கொறிப்பான்.

ஆறு மாசமா பாத்துட்டு வந்தாங்க. லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி, அதாவது லிவர் அடிபட்டா ரத்தத்துல கூடற என்சைம், ஒவ்வொரு தடவையும் 120, 140ன்னே நிக்குது, ஈ ஆன்டிஜன்ங்கற வைரஸோட புரதம் பாசிட்டிவ், வைரஸ் எண்ணிக்கை கோடிக்கணக்குல இருக்கு. இப்ப டாக்டர் மருந்து ஆரம்பிக்கணும்ங்கறாரு, ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு வாராவாரம் ஊசி, பெக் இன்டர்ஃபெரான், 48 வாரத்துல முடிஞ்சிடும். இன்னொண்ணு என்டெகாவிர், தினமும் வாய்வழியா, ஆனா எப்ப நிறுத்தலாம்னு இப்பவே சொல்ல முடியாதாம். யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

வீட்டுக்கு வந்து நெட்ல தேடினா இந்த மருந்து குடுத்தா குழந்தைங்க வளர்ச்சி நின்னுடும்னு போட்டிருக்கு. ஏற்கனவே கிளாஸ்லயே இவன்தான் குட்டை, பிரேயர்ல எப்பவும் முதல் ஆளா நிக்கறவன். 116 செ.மீ., 19 கிலோ. நான் 150, அவங்க அப்பா 163. என் மாமியார் ஒரு பக்கம் 'நல்லா இருக்கற பிள்ளைக்கு எதுக்கு ஊசி'ன்னு தினமும் சண்டை. நிஜமாவே உயரம் பாதிக்குமா, பாதிச்சா திரும்ப வருமா, குழந்தைக்கு இந்த வைத்தியம் பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

---

கோவை_அப்பா:

வணக்கங்க. எம்பொண்ணுக்கு பி இல்லீங்க, சி. தலசீமியா மேஜர்ங்கற பரம்பரை ரத்த நோய், கைக்குழந்தையிலிருந்தே ரத்தம் ஏத்திட்டு இருக்கோம், அதுல எப்பவோ வந்துடுச்சு. அதனால உங்க கதையும் எங்க கதையும் ஒண்ணு இல்லீங்க, ஆனா ஊசி விஷயம் நான் கண்ணால பாத்தவன், அத மட்டும் சொல்றேன்.

2013ல அவளுக்கு ஒம்பது வயசு. அப்ப சி-க்கு வேற வழியே கிடையாதுங்க, வாரம் ஒரு பெக் இன்டர்ஃபெரான் ஊசி, கூட தினமும் ரிபாவிரின் மாத்திரை. சனிக்கிழமை சாயங்காலம் ஊசி போடுவோம், ராத்திரியே காய்ச்சல், உடம்பு வலி, ஞாயித்துக்கிழமை பூரா படுத்தே கிடப்பா, திங்கக்கிழமை ஸ்கூல் போகணும்னுதான் சனிக்கிழமைய வெச்சோம். மொதல்ல கொறஞ்சது எடைங்க. இட்லி ரெண்டு சாப்பிடற புள்ள அரை இட்லியோட எந்திரிச்சுடும். உயரம் நாங்க கவனிக்கவே இல்ல, டாக்டரம்மா சார்ட்டைக் காட்டினப்பதான் தெரிஞ்சுது, மேல ஏறிட்டிருந்த கோடு படுத்துடுச்சு. ரிபாவிரின் ரத்த சிவப்பணுவை உடைக்கும்ங்க, தலசீமியா புள்ளைக்கு அது இன்னும் கஷ்டம், ரத்தம் ஏத்தற இடைவெளியும் சுருங்கிப் போச்சு.

ஊசி நிறுத்தினதும் பசி வந்துடுச்சு, எடை சீக்கிரமே ஏறிடுச்சு. உயரம் மெதுவாத்தான் வந்துச்சு. இப்ப காலேஜ் படிக்கிறா, குள்ளம்தான், ஆனா அதுல ஊசிக்கு எவ்வளவு பங்கு, ரத்தம் ஏத்தி ஏத்தி ஒடம்புல சேர்ந்த இரும்புச்சத்துக்கு எவ்வளவு பங்குன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாதுங்க. தலசீமியாவே வளர்ச்சிய நல்லா இழுத்துப் பிடிக்கும்.

இத்தனைக்கும் அந்த வைத்தியத்துல வைரஸ் போகவும் இல்லீங்க. அப்புறம் 2019ல சோஃபோஸ்புவிரும் டாக்ளாடாஸ்விரும் 12 வாரம் குடுத்தாங்க, வெறும் மாத்திரை, காய்ச்சல் இல்ல ஒண்ணும் இல்ல, ஸ்கூலுக்கு ஒரு நாள் லீவு போடல. வைரஸ் சுத்தமா போயிடுச்சு. இப்பல்லாம் சி இருக்கற கொழந்தைக்கு ஊசியப் பத்திப் பேச்சே வர்றதில்லைன்னு எங்க டாக்டரம்மா சொன்னாங்க. பி-க்கு மட்டும்தான் இன்னும் அந்த ஊசி ஒரு ஓரமா இருக்குது போல.

---

மதுரைக்காரன்68:

அம்மா, அலோபதியில போய் மாட்டிக்காதீங்க. கீழாநெல்லி வேரோட பிடுங்கி அரைச்சு, நெல்லிக்காய் அளவு உருண்டை, மோர்ல கலந்து வெறும் வயித்துல ஒரு மண்டலம் குடுங்க. எங்க அண்ணன் மகனுக்கு மஞ்சக்காமாலை, பத்தே நாள்ல கண்ணு வெள்ளையாச்சு. இங்கிலீஷ் பத்திரிகையிலயே கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி-ய விரட்டும்னு எழுதியிருக்கான், நம்ம சென்னையில பண்ண ஆராய்ச்சி. உப்பு புளி காரம் எண்ணெய் நிறுத்திடுங்க.

---

ராத்திரிடூட்டி:

நான் பீடியாட்ரிக்ஸ் முடிச்சிட்டு இப்ப குழந்தைங்க லிவர் வார்டுல இருக்கேன். உங்க பையனை நான் பாக்கல, ரிப்போர்ட்டும் முழுசா பாக்கல, அதனால முடிவு உங்க டாக்டர் கூடத்தான். ஆனா நெட்ல நீங்க படிச்சது எங்கிருந்து வருதுன்னு சொன்னா பயம் கொஞ்சம் தெளியும்.

'வளர்ச்சி நின்னுடும்'ங்கற பேச்சு பெரும்பாலும் இன்டர்ஃபெரான் காலத்து பேச்சு, அதுலயும் முக்கியமா ஹெபடைட்டிஸ் சி குழந்தைங்க கிட்ட பாத்தது. அமெரிக்காவுல 114 குழந்தைங்கள வெச்சு பெட்ஸ்-சின்னு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 5 வயசுலேர்ந்து 17 வரைக்கும். பெக் இன்டர்ஃபெரானோட ரிபாவிரின் சேத்து குடுத்தவங்கள்ல 53 சதவீதம் பேருக்கு வைரஸ் போச்சு, இன்டர்ஃபெரான் மட்டும் போட்டவங்கள்ல 21 சதவீதம். அதே குழந்தைங்களோட உயரம் எடையையும் தொடர்ந்து அளந்தாங்க. மருந்து போடறப்ப எடை, உயரம் ரெண்டுமே வயசுக்கு இருக்க வேண்டியதை விட இறங்குச்சு. நிறுத்தினதும் எடை பழைய இடத்துக்கு வந்துடுச்சு, உயரம் மட்டும் மெதுவா வந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சும் நிறைய குழந்தைங்க பழைய கோட்டுக்கு வரல. கோவை அப்பா சொன்னது அப்படியே அதுதான். 107 குழந்தைங்களை வெச்சு பண்ண இன்னொரு ஆராய்ச்சியில, மருந்து நடக்கறப்ப 70 சதவீதம் பேரோட வளர்ற வேகம் கடைசி 3 பர்சென்டைலுக்கு கீழ போச்சு, அதாவது அதே வயசு நூறு பிள்ளைங்கள்ல மெதுவா வளர்ற கடைசி மூணு பேரோட வேகம். இந்த எண்ணைப் பாத்துதான் எல்லாரும் பதறுறாங்க. இங்க சொல்றது வேகம், உயரம் இல்ல. வருஷத்துக்கு ஆறு செ.மீ. வளர வேண்டிய பிள்ளை அந்த வருஷம் ரெண்டோ மூணோ வளருது, அவ்வளவுதான், குட்டையாவே நின்னு போயிடுதுன்னு அர்த்தம் கிடையாது.

ஏன் இப்படி ஆகுதுன்னா ஒரே காரணம் இல்ல. வாராவாரம் காய்ச்சல், பசி போயிடுது, சாப்பாடு உள்ள போகல, அது பாதி. இன்டர்ஃபெரான் தைராய்டையும் கெடுக்கும் சில பேருக்கு, தைராய்டு குறைஞ்சா குழந்தை வளராது, அதனாலதான் ஊசி போடறப்ப டிஎஸ்ஹெச் டெஸ்ட் திரும்பத் திரும்ப எடுக்கறது. வளர்ச்சி ஹார்மோன் போய் லிவர்ல ஐஜிஎஃப்-1னு ஒண்ணை சுரக்க வெக்கும், எலும்பை நீட்ட வெக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு, அந்த வழியிலயும் இன்டர்ஃபெரான் தலையிடுதுன்னு ஒரு கருத்து இருக்கு.

இதையே திருப்பிப் பாருங்க. ஐஜிஎஃப்-1 லிவர்ல உருவாகுதுன்னா, லிவர் சுருங்கிப் போனாலும் வளர்ச்சி கெட்டுப் போகும். சிரோசிஸ் வந்த குழந்தைங்க வார்டுல இருக்காங்க, கையும் காலும் குச்சியா, வயிறு மட்டும் பெருசா. ஹெபடைட்டிஸ் பி இருக்கற பெரும்பாலான குழந்தைங்க அந்த நிலைக்கு போறதில்ல, சாதாரணமாத்தான் வளர்றாங்க, ஆனா எஸ்ஜிபிடி மாசக்கணக்கா இறங்காம நிக்கறது லிவர்ல சண்டை நடக்குதுன்னு அர்த்தம், அதனாலதான் உங்க டாக்டர் மருந்துன்னு சொல்றாரு. எஸ்ஜிபிடி நார்மலா இருந்து வைரஸ் மட்டும் கோடியில இருந்தா நாங்களே பெரும்பாலும் மருந்து குடுக்காம பாத்துட்டு இருப்போம். உங்க மாமியார் கேள்விக்கு இதான் பதில்.

இப்ப உங்க ரெண்டு வழி. பி-க்கு ரிபாவிரின் கிடையாது, இன்டர்ஃபெரான் மட்டும், அதனால சி குழந்தைங்க பட்ட அளவு பாடு இருக்காது, இருந்தாலும் பசி, எடை, வளர்ச்சி வேகம் அடிபடத்தான் செய்யும். பலன்? 3 வயசுலேர்ந்து 17 வரைக்கும் இருந்த குழந்தைங்க கிட்ட பாத்தப்ப, ஊசி போட்ட நூறு பேர்ல சுமார் 26 பேருக்கு ஈ ஆன்டிஜன் போய் அதை எதிர்க்கற ஆன்டிபாடி வந்துச்சு, போடாதவங்கள்ல 6 பேருக்கு. என்டெகாவிர் ஆராய்ச்சி 180 குழந்தைங்க, ஒரு வருஷத்துல ஈ ஆன்டிஜனும் அதே மாதிரி மாறி வைரஸும் ஒரு மில்லிக்கு 50 யூனிட்டுக்கு கீழ போனது மருந்து சாப்பிட்டவங்கள்ல 24 சதவீதம், டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 3 சதவீதம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு எது பெருசுன்னு பாக்காதீங்க, அளந்த விதம் வேற. உங்க கேள்விக்கு முக்கியம், என்டெகாவிர் சாப்பிட்ட குழந்தைங்களுக்கும் டம்மி சாப்பிட்டவங்களுக்கும் வளர்ச்சியில வித்தியாசம் தெரியல.

டெனோஃபோவிர்னு இன்னொரு மாத்திரை பேச்சு வரலாம். நல்ல மருந்துதான், ஆனா வளர்ற வயசுல எலும்பு அடர்த்தி கூடறதை கொஞ்சம் மட்டுப்படுத்தும், கிட்னியும் பாத்துக்கணும், அதனால சின்னப் பிள்ளைங்களுக்கு நான் முதல்ல என்டெகாவிர் பக்கம்தான் போவேன்.

என் சொந்த அபிப்பிராயம், ஊசிதான்னு முடிவு பண்ணா உங்க பையன் வயசு அதுக்கு மோசமான வயசு இல்ல. ஒரு வருஷம் வேகம் குறைஞ்சாலும் பருவ வயசு வர்றதுக்கு முன்னாடி ஈடுகட்ட வருஷம் இருக்கு. பன்னெண்டு பதிமூணு வயசுல, பிள்ளை சட்டுனு நீள்ற நேரத்துல போய் இன்டர்ஃபெரான் போடறதைத்தான் நான் விரும்ப மாட்டேன். ஆனா ஏற்கனவே கொறிச்சு சாப்பிடற 19 கிலோ பிள்ளைங்கறதால, என்னைக் கேட்டா தராசு என்டெகாவிர் பக்கம் சாயுது.

மதுரை அண்ணன் சொன்ன ஆராய்ச்சி நிஜம்தான், 1988ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, சென்னை தியாகராஜன் குழுவோடது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு வைரஸ் குறி மறைஞ்சுதுன்னு எழுதினாங்க. உலகமே திரும்பிப் பாத்துச்சு, பல நாட்டுல திரும்ப செஞ்சு பாத்தாங்க, அதே பலன் வரல. உங்க அண்ணன் மகனுக்கு வந்தது அனேகமா ஏ வகையா இருக்கும், அது தண்ணி சாப்பாட்டு மூலமா வர்றது, தானாவே சரியாயிடும். இன்னொண்ணு, வளர்ற பிள்ளைக்கு எண்ணெய், உப்பு எல்லாம் நிறுத்தி மோர்ல ஒரு மண்டலம் ஓட்டினா அதுவே எடையைக் குறைச்சிடும் அண்ணா.

---

மதுரைக்காரன்68:

சரி தம்பி, டாக்டர் நீங்க சொன்னா கேட்டுக்கறேன். ஆனா பத்தியம் இல்லாம எந்த லிவர் வைத்தியமும் இல்லைன்னுதான் எங்க தாத்தா சொல்லுவாரு.

---

திருச்சி_ரெண்டுபிள்ளை:

சிஸ்டர், என் பெரிய பொண்ணு என்டெகாவிர் சாப்பிடறா, ஆறு வயசுல ஆரம்பிச்சோம், இப்ப நாலாங்கிளாஸ். வளர்ச்சியில ஒரு குறையும் இல்ல, வருஷா வருஷம் யூனிஃபார்ம் பாவாடை மாத்தற செலவுதான். அந்த மருந்துல எங்களுக்கு இருந்த ஒரே கஷ்டம் வெறும் வயித்துல குடுக்கணும்ங்கறது, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, அதுக்கப்புறமும் ரெண்டு மணி நேரம் எதுவும் கூடாது. காலைல ஸ்கூல் அவசரத்துல அது நடக்கற காரியமா. அதனால ஏழு மணிக்கு ராத்திரி சாப்பாட்டை முடிச்சு ஒம்பதரைக்கு படுக்கறப்ப குடுத்துடுவோம். பால் குடிச்சிட்டு தூங்கற பழக்கத்தை மட்டும் மாத்த வேண்டி இருந்துச்சு, அதுக்கு ஒரு வாரம் அழுகை. டோஸ் எடையைப் பாத்துதான், அதனால எடை கூடக்கூட மாத்துவாங்க, ஒவ்வொரு தடவையும் எடை போட்டு சொல்லுங்க.

ஒண்ணே ஒண்ணு முக்கியமா சொல்றேன், நல்லா இருக்கான்னு நீங்களா நிறுத்திடக் கூடாது. திடீர்னு நிறுத்தினா வைரஸ் பொங்கி லிவர் வீங்கிடும்னு எங்களுக்கு கண்டிச்சு சொல்லியிருக்காங்க. ஊர்த்திருவிழாக்கு போறப்ப கூட மாத்திரை டப்பா முதல்ல பைக்குள்ள போகும்.

செலவுக்கு பயப்படாதீங்க, 2018ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்துல பி-க்கும் சி-க்கும் மருந்து இலவசம். உங்க ஊர் ஜிஹெச்-ல இல்ல பக்கத்து மெடிக்கல் காலேஜ்ல விசாரிங்க, குழந்தை டோஸ் இருக்கான்னும் சேத்துக் கேளுங்க.

---

நாமக்கல்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து திரும்பத் திரும்ப படிச்சேன், அவங்க அப்பாவையும் படிக்க வெச்சேன். டாக்டர் சார் ரெண்டு சந்தேகம். பையன் இப்பவே குட்டையா இருக்கானே, அது இந்த வியாதியால வந்ததா? இன்னொண்ணு, மருந்து ஆரம்பிச்ச பிறகு வளர்ச்சி குறையுதான்னு வீட்ல நாங்க எப்படி கண்டுபிடிக்கறது? ஸ்கூல் ஐடி கார்டுல போன வருஷம் 120ன்னு போட்டிருக்கு, ஆஸ்பத்திரியில இந்த வருஷம் 116ங்கறாங்க, குறைஞ்சுட்டானோன்னு ஒரு நாள் பூரா அழுதேன்.

---

ராத்திரிடூட்டி:

ஸ்கூல் கார்டை தூக்கிப் போடுங்க மேம், அது ஷூவோட, சுவத்துல ஒட்டின ஸ்டிக்கர்ல, நூறு பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு எழுதினது. உயரம் குறையறதெல்லாம் இந்த வயசுல கிடையாது.

முதல் சந்தேகத்துக்கு ஒரு கணக்கு. பையன்னா அப்பா உயரம், அம்மா உயரம், கூட 13, மூணையும் கூட்டி ரெண்டால வகுக்கணும். 163, 150, 13, மொத்தம் 326, பாதி 163. அதாவது பெரியவனானா ஏறக்குறைய அவங்க அப்பா உயரம், கொஞ்சம் முன்ன பின்ன. 116ங்கறது நம்ம இந்தியக் குழந்தைங்களுக்கான ஐஏபி சார்ட்ல நடுக்கோட்டுக்கு கீழ, ஆனா கடைசிக் கோட்டுக்கு மேலதான் இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் உயரம் இல்லாத வீட்ல இது எதிர்பார்க்கற இடம்தான். வியாதி மேல பழி போடற அளவுக்கு இதுல ஒண்ணும் தெரியல.

ரெண்டாவது, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒழுங்கா ஒரு அளவு எடுத்து வெச்சுக்கணும். பழைய தடுப்பூசி அட்டை, பழைய ஓபி சீட்டு எதுலயாவது உயரம் எழுதியிருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மூணு வருஷத்து அளவு இருந்தா மருந்துக்கு முன்னாடி அவன் என்ன வேகத்துல வளர்ந்தான்னு தெரியும், இல்லேன்னா பின்னாடி எது நடந்தாலும் மருந்து மேலயே சந்தேகம் போகும். எப்பவும் ஒரே இடத்துல, ஒரே கருவியில, செருப்பில்லாம, குதிகாலும் பின்னந்தலையும் பலகையில ஒட்ட. காலைக்கும் சாயங்காலத்துக்கும் அரை செ.மீ. ஒரு செ.மீ. வித்தியாசம் வரும், அதனால நேரமும் ஒண்ணா இருக்கட்டும். மாசாமாசம் அளந்து மனசைக் கெடுத்துக்காதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து எழுதுங்க, ஆனா ஆறு மாசத்துக்கு குறைஞ்ச இடைவெளியை வெச்சு வேகம் கணக்கு போடாதீங்க. இந்த வயசுல வருஷத்துக்கு அஞ்சு ஆறு செ.மீ. சாதாரணம். நாலுக்கு கீழ போனா டாக்டர் கிட்ட சொல்லுங்க, அப்ப தைராய்டு, மணிக்கட்டு எக்ஸ்ரேல எலும்பு வயசு, இதெல்லாம் பாப்பாங்க.

ஊசி பக்கம் போனா எடையை இன்னும் அடிக்கடி பாக்கணும், உயரத்துக்கு முன்னாடி எடைதான் காட்டிக் குடுக்கும்.

கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். உங்களுக்கும் பி இருக்கறதால நீங்களும் லிவர் டாக்டரைப் பாருங்க, பையனுக்கு மட்டும் ஓடிட்டு இருக்காதீங்க. அடுத்த குழந்தை எண்ணம் இருந்தா வைரஸ் எண்ணிக்கை அதிகமா இருக்கற தாய்க்கு கர்ப்பத்தோட கடைசி மூணு மாசம் டெனோஃபோவிர் குடுப்பாங்க, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைக்கு தடுப்பூசி, கூட இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடியா இருக்கற ஆன்டிபாடி ஊசி. இது எல்லாம் சேந்தா பெரும்பாலும் குழந்தைக்குப் போகாது.

---

நாமக்கல்_அம்மா:

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துட்டேன் சார், ஒண்ணரை வயசுல 78, அஞ்சு வயசுல 103ன்னு எழுதியிருக்கு, கணக்கு போட்டுப் பாத்தா அஞ்சுலேர்ந்து இப்ப வரைக்கும் வருஷத்துக்கு அஞ்சு செ.மீ.க்கு மேல வருது. மனசு கொஞ்சம் லேசாச்சு. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறோம், என்டெகாவிர்னு சொல்லலாம்னு நானும் அவரும் முடிவு பண்ணிட்டோம், எனக்கும் அன்னைக்கே ரத்தம் எடுக்க சொல்லியிருக்கு.

திருச்சி சிஸ்டர், மாத்திரை குடுத்த உடனே வாந்தி எடுத்துட்டா திரும்ப குடுக்கணுமா? இவன் ராத்திரியில அப்படி பண்ற ஆளு.

---

திருச்சி_ரெண்டுபிள்ளை:

குடுத்து கொஞ்ச நேரத்துல மாத்திரை முழுசா வெளிய வந்துட்டா என்ன பண்ணணும்னு வியாழக்கிழமையே கேட்டு சீட்டுல எழுதி வாங்கிடுங்க சிஸ்டர், ராத்திரி பத்து மணிக்கு யாருக்கும் போன் போட முடியாது. எங்களுக்கு ரெண்டு தடவைதான் நடந்துச்சு, ரெண்டும் பரோட்டா சாப்பிட்ட நாள்.